ஊமைப் பட்டன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று சொல்கிறவர்கள் என்னைப் பாதிதான் அறிந்தவர்கள். மூக்கில் அது தங்கினால்தானே? கிளம்பின வேகத்தில் வாய்க்கு வந்துவிடும். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, நாள் முழுக்க ஊராரிடம் திட்டு வாங்குகிற வேலையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார வைத்திருக்கிறார்கள். குடிநீர் அலுவலகத்தின் தொலைபேசிப் புகார்ப் பிரிவு. ஒன்பது நாற்காலி, ஒன்பது கணினி, ஒன்பது ஹெட்போன். தண்ணீர் வரவில்லை, வந்தது நிற்கவில்லை, வருகிறது ஆனால் கறுப்பாக வருகிறது என்று காலை எட்டு மணியிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள்.

என்னைக் காப்பாற்றியது ஒரு பட்டன். ஹெட்போன் வயரில், சரியாக நெஞ்சுக்கு நேரே, சின்னதாகத் தொங்கும். கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. விரலை எடுத்தால் மறுபடி கேட்கும். இருமல், தும்மல் வந்தால் மரியாதைக்கு அழுத்திக்கொள்ளட்டும் என்று வைத்தது. நாங்கள் அதற்கு ஊமைப் பட்டன் என்று பேர் வைத்திருந்தோம்.

"ஏம்மா, சம்பளம் வாங்குறீங்கல்ல, வெக்கமா இல்ல?" என்று ஒருவர் கேட்பார். நான் அழுத்துவேன். "உன் வீட்டுத் தண்ணியை நானா குடிச்சேன், எருமை?" விரலை எடுப்பேன். "உங்க சிரமம் புரியுது சார். வீட்டு எண் சொல்லுங்க." பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட விரல் தவறியதில்லை. பொறுமையான ஊழியர் என்று இரண்டு தடவை சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வீட்டுச் சுவரில் மாட்டச் சொன்னபோது என் கணவர் சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆணியை அடித்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனுஷர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும்.

எங்களுக்கு ஒரே மகள். சுண்டு என்று கூப்பிடுவோம். சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்தாள், அந்தப் பேரே நின்றுவிட்டது. இருபத்து நாலு வயது. கணக்கு படித்துத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஊரின் அந்தக் கோடியில் இரண்டு தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். போன வருஷம் ஒரு சாயங்காலம் போன் செய்தாள். நாங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தோம். அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கையில் பிடித்திருந்தேன்.

"அம்மா, நான் வேலையை விட்டுட்டேன். சோபா, நாற்காலிக்கெல்லாம் உறை தைக்கற பட்டறை ஒண்ணுல சேர்ந்திருக்கேன். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு" என்றாள்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஏறியதும் என் கட்டைவிரல், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, போனின் ஓரத்தில் இருந்த பட்டனைத் தேடி அழுத்திப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். அழுத்தியாகிவிட்டது, இனி அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் நான் கணவரைப் பார்த்துக் கத்தினேன்.

"கேட்டீங்களா கதையை? நாலு வருஷம் படிக்க வெச்சது உறை தைக்கறதுக்கா? இவளைப் பெத்ததுக்கு ஒரு அம்மியைப் பெத்திருந்தா அரைக்கவாவது ஆகியிருக்கும்!"

இதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லா அம்மாக்களும் சொல்கிறதுதான். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "அவன் மட்டும் தங்கியிருந்தா இவளை நான் பெத்திருக்கவே மாட்டேன்" என்றேன்.

கணவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். நான் விரலை எடுத்துவிட்டு, அலுவலகக் குரலில், "சொல்லுடி கண்ணு, அப்புறம்?" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, "எல்லாம் கேட்டுச்சும்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

போனைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் இருந்தது சத்தத்தைக் கூட்டுகிற பட்டன்.

அவன் என்று நான் சொன்னது அவளுக்கு முன்னால் பிறந்த பையனை. பதினோரு நாள் இருந்தான், போய்விட்டான். அப்படி ஒரு பிள்ளை இருந்தான் என்பது சுண்டுவுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்தப் பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. எடுக்காத பேச்சை எடுத்தேன், அதுவும் இந்த லட்சணத்தில்.

மறுநாள் ஐந்து தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'கோபத்தில் வந்த வார்த்தை, மனசில் இல்லாதது, மன்னித்துவிடு கண்ணு' என்று செய்தி அனுப்பினேன். படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அடுத்த வாரமும் அதையே எழுதினேன். அதற்கடுத்த வாரமும். இப்படிப் பத்து மாசம் போயிற்று.

அப்பாவிடம் மட்டும் பேச்சு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் பிடித்துக்கொள்வேன்.

"எப்படி இருக்கா?"

"இருக்கா."

"இருக்கானு எனக்குத் தெரியாதா? இளைச்சிருக்காளா?"

"அப்படித் தெரியல."

"என்ன சாப்பிட்டா?"

"சோறுதான்."

"தலைமுடியை வெட்டிக்கிட்டாளா? இருமல் இருந்துச்சே, நின்னுடுச்சா?"

"கவனிக்கல."

கண்ணுக்குக் கண்ணாடி தேய்க்கிற ஆளுக்கு மகள் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை! அப்படிக் கத்திவிட்டுச் சுண்டுவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். லீவு நாளில் வந்தால் அவள் படுக்கிற தலையணையின் உறையை நான் மாற்றவில்லை. முதல் மாசம் அதில் அவள் தலை எண்ணெய் வாசம் இருந்தது. நான் தினமும் முகர்ந்து முகர்ந்தே அது தீர்ந்துபோயிற்று. அலமாரியில் அவள் விட்டுப்போன சட்டைகளை எடுத்து மடித்து, கலைத்து, மறுபடி மடித்து வைப்பேன். பஸ்ஸில் முன் இருக்கையில் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், அவள் திரும்புகிற வரை என் நிறுத்தம் போனாலும் இறங்க மாட்டேன்.

ஒரு தடவை அந்தப் பட்டறைக்கே போனேன். தெருவின் எதிர்ப்பக்கம், ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றேன். பட்டறை திறந்துதான் இருந்தது. சுண்டு ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, வாயில் நாலைந்து சின்ன ஆணிகளைக் கடித்துக்கொண்டு சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள். துணியை இழுத்துப் பிடிக்கிறாள், ஆணியை வாயிலிருந்து எடுக்கிறாள், ஒரே தட்டு. உள்ளேயிருந்து யாரோ என்னவோ சொல்ல, ஆணிகளோடேயே சிரித்தாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது. சாலையைக் கடந்தால் இருபது அடி. கடந்து போய் என்ன சொல்வேன்? முதலில் என் வாயிலிருந்து 'ஆணியை முழுங்கிடாதேடி தரித்திரமே' என்றுதான் வரும். எனக்கு என் வாயை நம்ப முடியவில்லை. மருந்துக் கடைக்காரர் இரண்டு தடவை என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு புதன்கிழமை காலை என் ஊமைப் பட்டன் செத்தது. சுண்டு விஷயத்துக்குப் பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. தினமும் வேலை ஆரம்பிக்கும் முன் பக்கத்து இருக்கைக்காரருக்கு லைன் போட்டு, என் குரல் நிற்கிறதா என்று கேட்கச் சொல்லிப் பட்டனைச் சோதித்துக்கொள்வேன். அன்றைக்கு அழுத்தினால் அது உள்ளே போயிற்று, என் குரலும் போய்க்கொண்டே இருந்தது. வேறு ஹெட்போன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "மூணு வாரம் ஆகும்" என்றார் மேற்பார்வையாளர் அம்மாள். ஊர்ப் புகாரையெல்லாம் நாங்கள் வாங்குகிறோம், எங்கள் புகாரை வாங்க நாதி இல்லை.

பக்கத்து இருக்கைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். முன்னே டாக்சி ஓட்டியவர். எவன் எப்படித் திட்டினாலும் அந்தப் பட்டனைத் தொட மாட்டார். அதனால் அவருக்குச் சாமியார் என்று பேர். எனக்குப் பட்டாசு. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தது யாருடைய குசும்போ தெரியாது.

"சாமியாரே, இப்ப நான் என்ன பண்றது? வாயில துணியை அடைச்சுக்கவா?" என்றேன்.

"செருப்பைக் கழட்டுங்கக்கா."

"எதுக்கு? யாரை அடிக்கணும்?"

சிரித்தார். "ரெண்டு குதிகாலையும் தரையில அழுத்துங்க. மூச்சை மெதுவா வெளிய விடுங்க. உள்ள இழுக்க வேணாம், அது தானா வரும். அது வந்து சேர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. அவ்வளவுதான்."

"அது வரைக்கும் லைன் சும்மா கிடக்குமே?"

"கிடக்கட்டுமே. நீங்க பட்டனை அழுத்தினா அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா? இங்க ஓடற ஃபேன் சத்தம்கூட நின்னுடும். மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தறதுதான் அது. அழுத்தாம சும்மா இருந்தீங்கன்னா உங்க மூச்சு கேக்கும். ஆள் இருக்குனு தெரியும்."

"பெரிய ஞானிதான் போங்க."

"ஞானியா? சிக்னல்ல ஒருத்தன் மூக்கை உடைச்சு லைசென்ஸை விட்டவன்க்கா நான். அந்தக் கோபத்துல வீட்டுக்காரியும் ஒரு வருஷம் அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"திரும்பி வந்தாங்களா?"

அவருக்காக நான் அதைக் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். "வந்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

சொல்வது சுலபம். முதல் நாளே ஒருவரிடம் "அப்ப நீங்களே குழாயைத் தோண்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் இன்னொருவரிடம் "வெச்சுத் தொலைங்க" என்றேன். அது பதிவாகி, மேற்பார்வையாளர் அம்மாள் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். என் மகளைவிட ஆறு வயதுதான் பெரியவள். எழுதிக் கொடுத்தேன். குதிகாலை அழுத்தி அழுத்திக் கெண்டைக்கால் வலித்ததுதான் மிச்சம். மூச்சை விட்டால் அதோடு சேர்ந்து வார்த்தையும் வந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் காது கிழிந்தது. மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை, நாலு தடவை புகார் கொடுத்தாயிற்று, நீங்களெல்லாம் மனுஷ ஜென்மமா, உன் வீட்டில் இழவு விழ. இழவு என்றதும் எனக்குக் குபீர் என்றது. விரல் பழக்கதோஷத்தில் செத்த பட்டனை அழுத்திற்று. அது செத்தது என்று ஞாபகம் வந்தது. வேறு வழி இல்லாமல் குதிகாலை ஊன்றிக்கொண்டு மூச்சை விட்டேன். அவள் திட்டி முடித்துவிட்டாள். நான் இன்னும் பேசவில்லை.

"இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்மா."

"ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கமும் ஒரு மூச்சு கேட்டது. பிறகு அவள் அழுதாள். அம்மா படுத்த படுக்கை, துணி மாற்றக்கூடத் தண்ணீர் இல்லை, மூன்று நாளாகப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித் துடைக்கிறேன், அம்மா வெட்கப்பட்டுச் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள் என்றாள். நாலு புகாரிலும் இதில் ஒரு வரி இல்லை. அவள் கத்தியிருப்பாள், எடுத்தவர்கள் பட்டனை அழுத்தியிருப்பார்கள். அந்த நாலில் ஒன்று நான் எடுத்ததாகக்கூட இருக்கலாம். படுக்கை நோயாளி இருக்கும் வீடு என்று எழுதி, மதியத்துக்குள் லாரித் தண்ணீருக்குச் சொன்னேன். போனை வைத்த பிறகு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். ஒரு மூச்சு நேரம் நான் வாயை மூடியிருந்தால், எதிராளியின் திட்டுக்குப் பின்னால் இருக்கிறது தானாக வெளியே வருகிறது. ஐம்பத்தொரு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன், வெட்கக்கேடு.

அதற்கப்புறம் பத்துக்கு ஐந்து தடவையாவது நடந்தது. வீட்டிலும் முயற்சி செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் கையில் ஒரு மெத்தைத் துண்டோடு வந்தார். அவருடைய மர நாற்காலியில் போட்டு உட்கார, சுண்டு தன் கையால் தைத்துக் கொடுத்தது. நீல நிறம், நாலு ஓரமும் கோடு போட்ட மாதிரி தையல். அவருக்கு மட்டும். எனக்கு ஒரு நூல் துண்டுகூட இல்லை. வாய் வரை வந்துவிட்டது. நான் நின்ற இடத்திலேயே குதிகாலை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை விட்டேன்.

"என்ன, நெஞ்சு வலிக்குதா?" என்று பதறி என் தோளைப் பிடித்தார்.

"இல்லைங்க. கோபத்தை அடக்கறேன்."

"நீயா?" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கினதும் கோபம் எங்கே என்று பார்த்தால் இல்லை. அந்த இடத்தில் ஏக்கம்தான் இருந்தது. தையலைத் தடவிப் பார்த்தேன்.

"நல்லா தைச்சிருக்கா. என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

அந்த மனுஷர் இரண்டு வரிக்கு மேல் பேசி நான் பார்த்த நாள் அது. "அம்மா இன்னும் கத்தறாளானு கேட்டா. கொஞ்ச நாளா கொறைச்சிருக்கானு சொன்னேன். அவ நம்பல. அம்மா ஆபீஸ்ல மட்டும்தான்ப்பா கத்தாம இருப்பா, அங்க எல்லாம் பதிவாகுதுனு சொன்னா."

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தானே சொல்லியிருக்கிறாள்.

மூன்று வாரம் என்றது ஐந்து வாரமாகிப் புது ஹெட்போன் வந்தது. பளபளவென்று புதுப் பட்டன், மெதுவாகத் தொட்டாலே போதும். மாட்டிக்கொண்ட இரண்டாம் நாள், காலை பத்தரை மணி இருக்கும். "யாரோ விளையாடுறாங்க. எடுத்து வணக்கம் சொன்னதும் வெச்சுடறாங்க" என்றாள் முன் வரிசைப் பெண். "எனக்கும் வந்துச்சு" என்றார் சாமியார். என் விளக்கு எரிந்தது. எடுத்தேன்.

"வணக்கம். குடிநீர்ப் புகார்ப் பிரிவு. சொல்லுங்க."

வைக்கவில்லை. பின்னால் டக், டக் என்று சுத்தியல் சத்தம்.

"நான்தான்" என்றாள்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "சுண்டு."

"வேற வேற ஆளா எடுத்தாங்க. ஆறாவது தடவை நீ." கொஞ்சம் நிறுத்தி, "உன் போன்ல பேச எனக்குப் பயமா இருந்துச்சு. இங்கன்னா நீ கத்த மாட்டே" என்றாள்.

பத்து மாசம் கழித்துக் கூப்பிடுகிறாள், அதுவும் பெற்ற தாயிடம் பேசப் பயம் என்று அரசாங்க லைனில்! குப்பென்று ஏறிற்று. பெற்றவளை இப்படியா அவமானப்படுத்துவாய் என்று வாய்க்குள் உருண்டது. கட்டைவிரல் போய்ப் புதுப் பட்டனைத் தொட்டேவிட்டது. விரலை எடுத்தேன். கையையே எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். குதிகாலை ஊன்றினேன்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன். மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்."

"அப்பா சொன்னாரு" என்றாள். குரலில் ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வந்த வேகத்தில் போயிற்று. "ஒண்ணு கேக்கணும். நீ அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் படிச்சேன். மனசுல இல்லாதது, மனசுல இல்லாததுன்னு வாரா வாரம் எழுதறே. மனசுல இல்லாதது எப்படிம்மா வாய்ல வரும்? எனக்கு உண்மை மட்டும் வேணும். அவன் இருந்திருந்தா என்னைப் பெத்துக்கிட்டிருக்க மாட்டியா?"

சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. வேறு எங்கோ தள்ளிப் போயிருப்பாள்.

'சீ, என்ன பேச்சுடி அது, கோபத்துல சொன்னதைப் போய்' என்று பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பத்து மாசமாக எழுதி எழுதி வழவழவென்று ஆகிவிட்ட பதில். அதைச் சொன்னால் இவள் வைத்துவிடுவாள், இந்தத் தடவை வைத்தால் மறுபடி கூப்பிட மாட்டாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. மூச்சை விட்டேன். முழுக்க விட்டேன். அவள் இருக்கியா என்று கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்" என்றேன்.

அவள் வைப்பதற்குள் மேலே பேசினேன்.

"மாட்டேன்டி. ஒண்ணே போதும்னு நானும் அப்பாவும் முன்னாடியே முடிவு பண்ணியிருந்தோம். அவன் இருந்திருந்தா நீ வந்திருக்க மாட்டே. அது உண்மைதான்."

அவள் மூச்சு கேட்டது. நான் மேலே எதையும் அள்ளிப்போட்டு மூடவில்லை. வைத்துவிடாதே, வைத்துவிடாதே என்று உள்ளே கும்பிட்டுக்கொண்டு இன்னொரு மூச்சு விட்டேன். அதற்கடியில் என்ன இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இன்னொண்ணும் உண்மை. அவன் ஞாபகம் வந்தா அழணும்னு உக்காருவேன். அவன் போகாம இருந்திருக்கக் கூடாதானு மனசு கேக்கும். கேட்ட மறு நிமிஷம், அப்படின்னா சுண்டு இல்லையேனு தோணும். தூக்கிவாரிப் போடும். உடனே எழுந்து முகத்தைக் கழுவிக்குவேன். அப்புறம் உன்னைத் திட்டறதுக்கு ஏதாவது கிடைக்குதானு பார்ப்பேன். பாத்திரம் கழுவலைனு, படிக்கலைனு, ஏதாவது. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அவனுக்காக நான் முழுசா அழுததில்லடி. அழுதா உன்னை வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடும்னு பயம்."

திரையில் அழைப்பு நேரம் சிவப்பாகிவிட்டது. ஆறு நிமிஷத்துக்கு மேல் போனால் சிவக்கும். கண்ணாடி அறைக்குள் மேற்பார்வையாளர் அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்து எழுந்துகொண்டார். சாமியார் தன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவசரமாக அந்த அறைக்குள் போனார். "மேடம், என் பட்டன் வேலை செய்யல. என்னன்னு பாருங்க" என்று அவர் சொல்வது கேட்டது. அந்தப் பட்டனை ஒரு நாள் தொட்டதில்லை அந்த மனுஷர்.

"அம்மா" என்றாள் சுண்டு. குரல் உடைந்திருந்தது. "எத்தனை நாள் இருந்தான்?"

"பதினோரு நாள்."

"பேர் என்ன?"

"வெக்கலை. வெக்கறதுக்குள்ள போயிட்டான்."

"எப்படி இருப்பான்?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் கணவர்கூடக் கேட்டதில்லை. கண்ணில் நீர் முட்டிற்று, வழக்கம்போல் எழுந்துகொள்ளப் பார்த்தேன். ஹெட்போன் வயர் இழுத்தது.

"ஆபீஸ்டி. எல்லாம் பதிவாகுது. அழுதுடுவேன்" என்றேன்.

"அழும்மா. நீ அழறதால நான் இல்லாம போயிட மாட்டேன். இங்கதான் இருக்கேன். சொல்லு."

உட்கார்ந்தேன்.

"தலை நிறைய முடிடி அவனுக்கு" என்றேன்.